யோலா சென்செய் எழுதிய பரீட்சை

என் மனைவி யோலா சனிக்கிழமைதோறும் ஜப்பானியர் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அந்த மொழியைச் சொல்லிக்கொடுக்கிறாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கு இதுதான் வேலை. லீமாவில் எங்கள் பிரேன்யா பக்கம் அவளோடு நடந்தால், மீசை முளைத்த பையன்கள்கூட நின்று, ஆசிரியரை அழைக்கும் ஜப்பானிய முறைப்படி "சென்செய்" என்று தலை குனிந்துவிட்டுப் போவார்கள். தோளில் பிளாஸ்டிக் குழாயோடு பக்கத்தில் நிற்கும் எனக்கு யாரும் குனிவதில்லை. நான் ஹார்டுவேர் கடைக்காரன். பெயர் தெயோஃபிலோ. வான்காயோவிலிருந்து இறங்கி வந்த மலைக்காரன். எனக்கும் ஜப்பானுக்கும் உள்ள ஒரே உறவு யோலா நகாசோனே.

அவளுக்கும் ஜப்பானுக்கும்கூட அத்தனை நெருக்கமில்லை. விமானத்தில் ஏறி அங்கே போனவள் இல்லை. அவள் அப்பா வீட்டில் புழங்கியது ஓக்கினாவா தீவுப் பேச்சு, அதிலும் பாதி ஸ்பானிஷ். புத்தக ஜப்பானியத்தை அவள் பிறகு தானே உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தும் பாட்டும் சொல்லித்தர அது தாராளமாகப் போதும். போதாது என்று யாரும் சொன்னதும் இல்லை, கிளாடிஸ் வாயைத் திறக்கிற வரைக்கும்.

கிளாடிஸ் சினென் பெற்றோர் சங்கத்தின் தலைவி. புதிதாக வந்த தலைமையாசிரியர் மத்சூரா கூட்டிய முதல் கூட்டத்தில் எழுந்து நின்று, இந்தப் பள்ளியில் மொழி சொல்லித்தருகிறவர்களுக்கு அந்த மொழி தெரியும் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டுவிட்டாள். மத்சூரா இரண்டு நாள் யோசித்தார். பிறகு, ஆசிரியர்கள் எல்லோரும் இரண்டு வருடத்துக்குள் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் இரண்டாம் நிலை தேறிவிட வேண்டும், இல்லாவிட்டால் வகுப்பு கிடையாது என்று அறிவித்தார். அந்தத் தேர்வில் ஐந்து நிலைகள் உண்டு. ஐந்தாவது விளையாட்டு மாதிரி. முதலாவதை எழுதுகிறவர்கள் வேறு ஜாதி மனிதர்கள். இரண்டாவது என்றால் செய்தித்தாளைப் படித்து, எழுதினவர் மனதில் என்ன இருந்தது என்பதையும் சொல்லத் தெரிய வேண்டும்.

முதல் வருடம் டிசம்பரில் யோலா போய் எழுதினாள். ஆறு மதிப்பெண்ணில் போய்விட்டது. எனக்கு மட்டும்தான் தெரியும். கடையில் இருந்த குழாய்த் திருகுகள் அத்தனையையும் கொட்டி, அளவுவாரியாகப் பிரித்து, மறுபடி அடுக்கினாள். கடைசியாக என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: அடுத்த டிசம்பரிலும் போய்விட்டால் தானே வேலையை விட்டுவிடுவதாகவும், உடம்பு சரியில்லை என்று எல்லோரிடமும் நான் சொல்ல வேண்டும் என்றும்.

அதன்பிறகு எங்கள் கடையே படிப்பறையாகிவிட்டது. ஆணிப் பெட்டி, போல்ட்டுப் பெட்டி, பல்புப் பெட்டி என்று ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஜப்பானிய எழுத்தட்டை. ஆணி கேட்டால் முதலில் எழுத்தைப் படிப்பாள், பிறகுதான் ஆணியை நிறுப்பாள். ஒரு கொத்தனார் அவற்றைப் பார்த்து, திருஷ்டிக்கா என்று மெதுவாக என்னிடம் விசாரித்தார். ஆமாம் என்றேன். மறுநாள் தன் வீட்டுக்கும் ஒன்று கேட்டார்.

கேட்டுப் பதில் எழுதும் பகுதிக்காகப் பழைய ஒலிப்பதிவுகளை நாள் முழுக்க ஓடவிடுவாள். கேட்டுக் கேட்டு எனக்கே பாதி பழகிப்போயிற்று. எப்போதும் ஓர் ஆணும் பெண்ணும் அலுவலகத்தில் பேசிக்கொள்வார்கள். அவள் அவனிடம் நாலு வேலை சொல்வாள், நடுவில் ஒன்றை வேண்டாம் என்பாள், இன்னொன்றை நாளைக்குத் தள்ளுவாள். கடைசியில், அந்த ஆள் முதலில் என்ன செய்யவேண்டும் என்று கேள்வி வரும். இருபது வருடம் குடும்பம் நடத்தியவனுக்கு அது பெரிய கஷ்டமில்லை என்று யோலாவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். பதிவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.

ஆகஸ்டில் இன்னொரு சிக்கல் வந்து சேர்ந்தது. கிளாடிஸ் தன் மகள் அகேமியைக் கடைக்கே கூட்டிக்கொண்டு வந்தாள். அகேமிக்குப் பதினாறு வயது. முன்பு யோலாவிடம்தான் எழுத்துப் படித்தவள். அவளும் இந்த டிசம்பரில் இரண்டாம் நிலை எழுதப்போகிறாளாம், இலக்கணத்தில் மட்டும் கொஞ்சம் கைகொடுக்க வேண்டுமாம். முடியாது என்று சொல்ல யோலாவுக்கு வாய் வரவில்லை. புதன்கிழமை சாயங்காலங்களில் அகேமி வர ஆரம்பித்தாள். அவள் வருவதற்கு முன்னால் நான் பெட்டிகளிலிருந்து அட்டைகளைப் பிய்த்து சிமெண்டு மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைப்பேன். அவள் போனதும் மறுபடி ஒட்டுவேன்.

ஒரு புதன்கிழமை இருவரும் ஒரே பத்தியைப் படித்தார்கள். யோலா இன்னும் நடுவில் இருக்கும்போதே அந்தப் பெண் விடையைச் சொல்லிவிட்டாள். யோலா சரிதான் என்று தலையாட்டினாள், புத்தகத்தை மூடினாள், அவளை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். வந்து கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

"தெயோ, அந்தப் பொண்ணு பாஸாகி நான் ஃபெயிலானா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வகுப்புக்குள்ள நுழைவேன்?"

காபி போட்டுக் கொடுத்தேன்.

டிசம்பர் முதல் ஞாயிறு வந்தது. சொந்தக்காரர்களிடமெல்லாம், லுரின் பக்கம் பன்றி வறுவல் சாப்பிடப் போகிறோம் என்று சொல்லிவைத்திருந்தோம். கிளம்பும்போது பார்த்தால் யோலாவின் கைக்கடிகாரம் நின்றுபோயிருக்கிறது. தேர்வு அறையில் செல்போனை உறையில் போட்டு ஒட்டிவிடுவார்கள். நேரம் பார்க்கக் கடிகாரம் இல்லாவிட்டால், வாசிப்புப் பகுதியில் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. என் பிளாஸ்டிக் கடிகாரத்தைக் கழற்றி அவள் கையில் கட்டினேன். வார் பெரிதாக இருந்ததால் முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டு, மேலே ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

தேர்வு நடக்கும் கட்டடத்து வாசலில் கூட்டம். சாயம் பூசிய தலைகள், முதுகுப் பைகள், பெற்றோர்கள். அந்தக் கூட்டத்தில் கிளாடிஸின் மஞ்சள் சட்டையை நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் பார்த்தோம். யோலா என் கையை விட்டாள். நான் திரும்புவதற்குள் நீல முடிப் பையன்கள் நாலு பேருக்கு நடுவே புகுந்து, தலையைக் குனிந்தபடி உள்ளே போய்விட்டாள். மாட்டிக்கொண்டவன் நான்.

"தோன் தெயோ! நீங்க எங்க இந்தப் பக்கம்?" எந்த ஆணையும் மரியாதைக்கு ஒரு 'தோன்' போட்டுத்தான் கிளாடிஸ் கூப்பிடுவாள்.

குழாய் ரிப்பேர் என்றேன். ஞாயிற்றுக்கிழமையிலா என்றாள் கிளாடிஸ். தண்ணீர் கிழமை பார்த்தா ஒழுகுகிறது என்றேன். சாவி வைத்திருக்கும் ஆள் வர வேண்டும், அதுவரை காத்திருக்கிறேன் என்றும் ஒன்றைச் சேர்த்துவிட்டேன். அந்தச் சேர்ப்பு பெரிய தப்பு. அப்படியானால் நாமும் சேர்ந்தே காத்திருக்கலாம் என்று, எதிரே மூலிகைக் கஷாய வண்டிக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் என்னை உட்காரவைத்துவிட்டாள்.

கிளாடிஸ் பேசினாள். அகேமி எப்படிச் சாப்பாட்டை மறந்து படித்தாள் என்பது, சென்செய் இல்லாவிட்டால் இலக்கணம் ஏறியே இருக்காது என்பது, உள்ளே எவ்வளவு கறாராக இருப்பார்கள் என்பது. போன வருடம் ஒரு பையனின் பைக்குள் செல்போன் முனகியதாம். மேற்பார்வையாளர் வந்து சிவப்பு அட்டையைக் காட்டினாராம். அத்தோடு அவன் விடைத்தாள் குப்பைக்குப் போயிற்றாம்.

"சத்தமே இருக்கக் கூடாது, தோன் தெயோ. கடிகாரம் கூவுனாலும் அதே கதிதான்."

வண்டிக்காரனின் ரேடியோ பத்தரை என்றது. நான் பழக்கத்தில் மணிக்கட்டைப் பார்த்தேன். அங்கே வெயில் படாத வெளிர்த் தோல்தான் இருந்தது. எனக்கு ரத்த அழுத்த மாத்திரை பதினொரு மணிக்கு. அதற்காக அந்தக் கடிகாரத்தில் அலாரம் வைத்திருக்கிறேன். நிறுத்தும் பொத்தான் உடைந்து ஒரு வருடமாகிறது. கோழிக்குஞ்சை யாரோ மிதித்துவிட்ட மாதிரி அது கத்தும். பேனா முனையால் ஓர் இடத்தில் குத்தினால்தான் அடங்கும். அந்த இடம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

வாசல் காவலாளியிடம் ஓடினேன். உள்ளே ஒருவருக்கு அவசரமாக ஒரு சேதி சொல்ல வேண்டும் என்றேன். அவர் அசைவதாக இல்லை. தேர்வு நடக்கும்போது ஈ கூட உள்ளே போகாது என்றார். குழாய் என்று ஆரம்பித்தேன். வெள்ளமே வந்தாலும் பரீட்சை முடிந்த பிறகு வாருங்கள் என்றார். திரும்பினால் பின்னால் கிளாடிஸ் நிற்கிறாள்.

அதற்குமேல் என்னால் பொய்யைத் தூக்கிக்கொண்டு நிற்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். யோலா உள்ளே இருக்கிறாள், பரீட்சை எழுதுகிறாள், போன வருடம் போய்விட்டது, கையில் என் கடிகாரம், பதினொரு மணி. சொல்லச் சொல்ல என் குரலே எனக்கு வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

கிளாடிஸ் விரலில் மாதங்களை எண்ணிப் பார்த்துக் கேட்டாள்.

"அப்போ ஆகஸ்டுலேருந்து என் பொண்ணுக்குச் சொல்லிக்குடுத்தாங்களே, அந்த நேரத்துல அவங்களும் இதே பரீட்சைக்குத்தான் படிச்சிட்டிருந்தாங்களா?"

"ஆமா, சென்யோரா கிளாடிஸ்."

"ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"நீங்கதான கூட்டத்துல எழுந்து அத்தாட்சி கேட்டீங்க. உங்ககிட்டயே வந்து எப்படிச் சொல்லுவா?"

அவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். "கடவுளே. நான் சென்செய நெனச்சா அதச் சொன்னேன்? ஒசோரியோவ நெனச்சுச் சொன்னேன். அந்த மனுஷன் வகுப்பு முழுக்கப் பிள்ளைங்களுக்குக் கார்ட்டூனப் போட்டுவிட்டுட்டு வெளிய போய் சிகரெட் பிடிக்கிறாரு. பேரச் சொன்னா நல்லாருக்காதுன்னு எல்லாரையும் சேத்துப் பொதுவாச் சொன்னேன்."

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருடம். கடை முழுக்க அட்டை. ஒசோரியோவின் கார்ட்டூனுக்காக.

ஆனால் பதினொரு மணி யாருக்காகவும் நிற்காதே. கிளாடிஸ் காவலாளியிடம் போனாள். பெற்றோர் சங்கத்தில் பேசும் குரலில் பேசினாள். அந்த ஆள் அவளுக்கும் அசையவில்லை, ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் சொன்னார்: முதல் பகுதி பதினொரு மணி வாக்கில் முடியும், பிறகு சின்ன இடைவேளை. வாக்கில் என்றால் முன்னாலா பின்னாலா என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார்.

நாங்கள் இருவரும் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ரேடியோ பதினொன்று என்றது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கதவு திறந்து ஒரு பையன் தனியாக வெளியே வந்தான். கிளாடிஸ் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். அவனுக்கு வெறும் தலைவலியாம், போதுமென்று எழுந்து வந்துவிட்டானாம். பிறகு யாரும் வரவில்லை. யோலா வரவில்லை. அவள் வராதது நல்லதா, அல்லது உள்ளே எங்கேயோ உட்காரவைத்து அவளை விசாரிக்கிறார்களா என்று தெரியாமல், மாத்திரையும் போடாமல் நான் அங்கேயே நின்றேன். கேட்கும் பகுதி தொடங்கியிருக்கும் என்று தோன்றியதும் கிளாடிஸ் போய் வண்டிக்காரனை ரேடியோவை அணைக்கச் சொன்னாள். அவனும் மறுபேச்சு பேசாமல் அணைத்தான்.

பன்னிரண்டரைக்கு மேல் கதவைத் திறந்துவிட்டார்கள். கூட்டமாக வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் யோலாவும் அகேமியும் ஒன்றாக வந்தார்கள். சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். அகேமி விரலை நீட்டி இரண்டாவது விடைதான் என்கிறாள், யோலா தலையை ஆட்டி நான்காவது என்கிறாள். இருவரும் எங்களைக் கவனிக்கவே இல்லை. நான் முன்னால் போய் அவள் கையைப் பிடித்து ஸ்வெட்டரை ஏற்றிப் பார்த்தேன். கடிகாரம் இல்லை.

"புடுங்கிட்டாங்களா?"

"கக்கூஸ் தொட்டிக்குள்ள கெடக்கு," என்றாள் யோலா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் ஒரு வருடமாகப் பார்க்கவில்லை.

நடந்ததைப் பிறகு சொன்னாள். முதல் பகுதி பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்பே முடிந்துவிட்டது. அகேமி பக்கத்து அறையில் இருந்ததைப் பார்த்துவிட்ட யோலா, அவள் கண்ணில் படாமல் இருக்கக் கழிவறைக்கு ஓடி, ஒரு கதவைச் சாத்திக்கொண்டாள். உட்கார்ந்த இடத்தில் அவள் முழங்கை கத்த ஆரம்பித்தது. எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தாள். விளக்கு எரிந்தது, சத்தம் அடங்கவில்லை. வெளியிலிருந்து ஒரு பெண் குரல், யாருடைய போன் அது, தாழ்வாரத்தில் மேற்பார்வையாளர் வருகிறார், சீக்கிரம் நிறுத்துங்கள் என்றது. அந்தக் குரல் யாருடையது என்று யோலாவுக்குத் தெரியும். கதவைத் திறந்தாள்.

அகேமி அவளைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். உள்ளே வந்து கடிகாரத்தை உருவி, தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கி உள்ளே போட்டு, மூடியை வைத்துவிட்டாள். சத்தம் முங்கிப்போயிற்று. மேற்பார்வையாளர் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

"கேக்கிற பகுதிக்குக் கடிகாரம் வேணாம் சென்செய், அதுவே ஓடி அதுவே நின்னுடும்," என்றாளாம். கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்க இத எப்பவோ எழுதியிருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றாளாம்.

"எழுதினேன். போன வருஷம். ஃபெயில்."

"எத்தனைல?"

"ஆறுல."

"ஆறுலயா," என்று முகத்தைச் சுளித்தாளாம் அகேமி, தன் வயதுத் தோழிக்குச் சுளிப்பது போல. அடுத்த மூச்சில், வாசிப்பில் அந்த ரயில்வே ஊழியர் பத்தி உங்களுக்கும் அப்படித்தான் குழப்பிற்றா என்று கேட்டாளாம். யோலா ஆமாம் என்றாள். அதைச் சொன்னதும் தோளிலிருந்து ஒரு மூட்டை சிமெண்டை யாரோ இறக்கின மாதிரி இருந்தது என்றாள். இரண்டு வருடம் பயந்த விஷயம் கழிவறையில் கைகழுவும் இடத்தில் நடந்து முடிந்துவிட்டது. அதன்பிறகு கேட்கும் பகுதி அவளுக்குக் கடையில் கேட்பது போலவே கேட்டதாம்.

காவலாளி இப்போது என்னைப் பார்த்து, அந்தக் குழாய் வேலை என்னவாயிற்று என்றார். உள்ளே போய்த் தொட்டியைத் திறந்து கடிகாரத்தை எடுத்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. தொட்டியின் மிதவை வேறு வளைந்திருந்தது. அதையும் நிமிர்த்திவிட்டு வந்தேன்.

நாலு பேருமாகப் போய், வறுத்த பன்றியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வைத்த ரொட்டி சாப்பிட்டோம். கிளாடிஸ் யோலாவிடம் ஒசோரியோ விஷயத்தைச் சொன்னாள். மன்னிப்பு என்று தனியாகக் கேட்கவில்லை. தன் ரொட்டியிலிருந்த நல்ல துண்டை எடுத்து யோலாவின் தட்டில் வைத்தாள். யோலா அதைச் சாப்பிட்டாள்.

முடிவு ஜனவரிக் கடைசியில் வந்தது. கடையில் ஆள் இருந்த நேரம். யோலா போனை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனாள். நான் இரண்டு பேருக்குச் சாமான் கொடுத்து அனுப்பிவிட்டேன், அவள் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். கவிழ்த்து வைத்த வாளி மேல் உட்கார்ந்திருந்தாள்.

"தொண்ணூறு எடுத்தா பாஸ். தொண்ணூத்தி நாலு."

நான் அப்படியே பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, அகேமி என்ன ஆனாள் என்று கேட்டேன்.

"நூத்தி முப்பத்தொண்ணு. இப்பத்தான் போன் பண்ணா." யோலா என்னைப் பார்த்தாள். "எனக்கு வலிக்கும்னு நெனச்சேன் தெயோ. வலிக்கவே இல்ல. எழுத்து நான்தான சொல்லிக்குடுத்தேன்னு நெனப்பு வந்திச்சு, அதுவும் உடனே போயிடுச்சு. எனக்கு இப்பத் தூக்கந்தான் வருது."

மத்சூராவிடம் மறுநாள் சொன்னாள். சரி, மார்ச்சில் மூன்றாம் வகுப்பையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றாராம். அவ்வளவுதான். ஒசோரியோ தேறினாரா இல்லையா என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

ஆனால் முடிவு வந்த அன்று, யோலா கல்லாவுக்குப் பின்னால் இருந்த நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, செருப்பு ஒன்று கழன்று கிடந்தது. வந்தவர்களுக்கு நான் ஆணியைக் கையாலேயே அள்ளி, தாளில் மெதுவாகக் கட்டிக் கொடுத்தேன். சுவருக்குப் பச்சை நிறம் கேட்டு ஒருவர் வந்தார். பெயிண்டைக் கலக்கும் மெஷின் போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். மெஷின் ரிப்பேர், நாளைக்கு வாருங்கள் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன்.